பெற்றோற் கசிவும் மின்கம்பியும்



வரலாறும் தமிழும் கற்றுப் பட்டம் பெற்று, அவற்றையே இத்தனை காலமாகக் கற்பித்துவரும் பாடசாலை அதிபர் ஒருவர் பெற்றோல் நிலையத்து மின்கம்பிகளைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கே அது சிறிது வியப்புத்தான். இந்தப் பொருளுக்கு என்னை இழுத்து வந்தது ஒரு தண்ணீர்த் தொட்டி.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பாடசாலை ஒன்றின் மாணவர் விடுதியிலே மேல்நிலைத் தொட்டி ஒன்று இருந்தது. கிணற்று நீரை மோட்டர் அதற்கு ஏற்றும். தொட்டி நிரம்பியதும் மிதவையொன்று உயர்ந்து இரு கம்பிகளைப் பொருத்தும்; விடுதிக் காப்பாளரின் அறையிலே மணி அடிக்கும்; அவர் எழுந்து மோட்டரை நிறுத்துவார். வழக்கமாக அவர் நேரத்தைப் பார்த்தே நிறுத்திவிடுவாராதலின், மணி எப்போதாவதுதான் அடிக்கும். ஓரிரவு அவர் அயர்ந்துவிட்டார். மணியும் அடிக்கவில்லை. விடிந்து பார்க்கையிற் களஞ்சிய அறைக்குள்ளே கணுக்காலளவு தண்ணீர். அடிவரிசையில் அடுக்கியிருந்த அரிசி மூடைகள் ஊறிப் பருத்துக் கிடந்தன. கூரையின் கீழே எலி கம்பியைக் கடித்துத் துண்டித்திருந்தது. துண்டித்து எத்தனை நாளாயிற்று என்று எவருக்குந் தெரியவில்லை. அத்தனை நாளும் மணியின் மௌனத்தைத் தொட்டியின் சுகச் செய்தியாக நாம் ஏற்றுக்கொண்டிருந்தோம்.

அந்த விடுதியிலே அக்காலத்திற் படித்த மாணவர் ஒருவர் இப்போது அமெரிக்காவில் எரிபொருள் நிரப்பு நிலையங்களுக்கு, நம்மூர் வழக்கிற் சொன்னால் பெற்றோல் செட்டுகளுக்கு, மின்வேலை செய்பவராக இருக்கிறார். அண்மையில் விடுமுறையில் வந்தவர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். விறாந்தையில் இருந்து பழங்கதை பேசினோம். அரிசி மூடைக் கதையும் வந்தது. அவர் சிரித்துவிட்டு, “சேர், அந்த எலியோடு போராடுவதுதான் என்னுடைய தொழில்” என்றார். “விளங்கச் சொல்லும், தம்பி” என்றேன். அவர் விளங்கச் சொன்னவற்றையும், அதன்பின் நானே தேடிப் படித்தவற்றையும் சேர்த்து இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

பெற்றோல் நிலையத்திலே நமது கண்ணுக்குப் படுவன இலக்கங்கள் ஓடும் பெட்டியும் அதன் குழாயும் பிடியுமே. தொட்டிகள் நிலத்தின் கீழே புதைந்திருக்கின்றன. தொட்டியிலிருந்து பெட்டிக்கு எண்ணெயைக் கொண்டுவர இரு வழிகள் உண்டு. ஒன்று உறிஞ்சும் முறை. பம்பி பெட்டிக்குள்ளேயே இருந்து, நாம் இளநீரைக் குழலால் உறிஞ்சுவதுபோல எண்ணெயை மேலே இழுக்கும். குழாய் தொட்டியை நோக்கிச் சரிந்திருந்து, ஒருவழி வால்வும் பெட்டியின் அடியில் மட்டுமே இருக்குமாயின், இடையில் ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். எண்ணெய் தொட்டிக்கே திரும்பிவிடும். மற்றையது தள்ளும் முறை. பம்பி தொட்டிக்குள் அமிழ்ந்திருந்து, சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 25 முதல் 30 இறாத்தல் வரையான அமுக்கத்தோடு எண்ணெயை எல்லாப் பெட்டிகளுக்கும் தள்ளும். ஒரே பம்பி பல பெட்டிகளுக்குப் போதும், விரைவும் அதிகம். ஆயின் இம்முறையிற் குழாயில் ஓட்டை விழுமானால், பம்பி ஓடும் ஒவ்வொரு கணமும் அது பெற்றோலை மண்ணுக்குள் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். மேலே நிற்பவருக்கு ஒன்றுந் தெரியாது.

மண்ணுக்குள் போனால் என்ன என்று யாழ்ப்பாணத்தான் ஒருவன் கேட்கமாட்டான். நமது குடாநாட்டின் அடியிலே இருப்பது சுண்ணாம்புக் கல். வற்றாத ஆறு நமக்கு இல்லை. மாரி மழை கல்லின் வெடிப்புகளினூடாக இறங்கி நிலத்தடியிற் தேங்குகிறது. அதைக் கிணற்றால் அள்ளிக் குடிக்கிறோம். மழை இறங்கும் அதே வெடிப்பினால் எண்ணெயும் இறங்கும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த துயரத்தை நாம் மறக்கவில்லை. அது பெற்றோல் நிலையத்தால் வந்ததன்று. மின் உற்பத்தி நிலையத்தோடு தொடர்புற்றது. அதன்பொருட்டு 2019 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே நமது நாட்டின் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. தீர்ப்பு வரும்; தண்ணீர் அவ்வளவு விரைவில் வராது.

ஒரு சிறு கணக்குச் சொல்கிறேன். பெற்றோலில் பென்சீன் என்னும் நச்சுப்பொருள் உண்டு. குடிநீரில் அது லீற்றருக்கு 10 மைக்குரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நூற்றுக்கு ஒரு பங்கு பென்சீன் உள்ள பெற்றோல் ஒரு லீற்றரை எடுத்துக்கொண்டால், அதிலுள்ள பென்சீன் மட்டும் ஏறக்குறைய 8 இலட்சத்து 80 ஆயிரம் லீற்றர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவரப் போதுமானது. அமெரிக்காவின் சாந்தா மொனிக்கா நகரம் 1996 ஆம் ஆண்டு தன் குடிநீர்க் கிணறுகள் பலவற்றை மூடிவிட நேர்ந்தது. பெற்றோலிற் கலக்கப்பட்ட வேறொரு பொருள் நிலத்தடித் தொட்டிகளிலும் குழாய்களிலுமிருந்து கசிந்து அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

இத்தகைய அனுபவங்களின் பயனாக அந்நாட்டுக் காங்கிரஸ் 1984 ஆம் ஆண்டு நிலத்தடித் தொட்டிகளுக்கெனச் சட்டம் இயற்றியது; 1988 இல் அதன்கீழ் விதிகள் வந்தன. தள்ளும் முறையில் இயங்கும் ஒவ்வொரு குழாய்க்கும் தன்னியக்கக் கசிவுகாட்டி ஒன்று இருத்தல் வேண்டும். சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல் அமுக்கத்தில் மணிக்கு 3 கலன் வீதம் கசிவு நேர்ந்தால், அதை ஒரு மணி நேரத்துக்குள் அது கண்டுபிடித்தல் வேண்டும். 3 அமெரிக்கக் கலன் என்பது ஏறக்குறைய 11 லீற்றர். கண்டுபிடிக்காது விட்டால் ஒரு நாளில் 270 லீற்றருக்கு மேல் மண்ணுக்குள் போய்விடும்.

இக்கசிவுகாட்டிகளிற் பழைய வகை முழுக்க முழுக்கப் பொறிமுறையானது. பம்பி ஓடத் தொடங்கியதும் அது எண்ணெயைச் சிறிதளவே விடும். குழாயில் அமுக்கம் ஏறினால் குழாய் முழுமையாக உள்ளது என்று அறிந்து வாயிலைத் திறந்துவிடும். அமுக்கம் ஏறாவிடின், நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 கலனுக்கு மேல் விடாது. வாகனத்துக்கு எண்ணெய் நிரப்ப வந்தவர், “இதென்ன, நூல்போல வருகிறது!” என்று முறையிடுவார். அந்த முறைப்பாடே எச்சரிக்கை. புதிய வகையிலோ அமுக்கத்தை அளக்கும் உணரி ஒன்று குழாயிற் பொருத்தப்பட்டிருக்கும். பம்பி நின்றபின் அமுக்கம் இறங்குகிறதா என்று கவனித்து, அலுவலக அறையிலுள்ள கணிப்பெட்டிக்கு அது அறிவிக்கும். அப்பெட்டி தானாகவே பம்பியை நிறுத்தவல்லது.

நேயர்களே, ஒன்றைக் கவனித்தீர்களா? இரு வகைக்கும் பம்பி ஒருமுறை நிற்கவேண்டும். நின்று, அமுக்கம் மாறினாற்றான் சோதனை நிகழும். பம்பி நில்லாது ஓடிக்கொண்டே இருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த கசிவுகாட்டியும் கண்கட்டிய காவற்காரன்தான். பம்பியை நிறுத்துவதும் ஓட்டுவதும் மின்கம்பியின் வேலை. ஆகவே கசிவு என்னும் குழாய் வேலைக்காரரின் பிரச்சினை, இங்கே மின்வேலைக்காரரின் பிரச்சினையாகிவிடுகிறது.

பிடியை நாம் தூக்கும்போது அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கம்பி வழியாக, “எண்ணெய் வேண்டும்” என்ற குறிப்பு மின்னாகச் செல்கிறது. அது றிலே ஒன்றை இயக்கும். றிலே என்பது சிறு மின்னோட்டத்தாற் பெரு மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்காந்த ஆளி. அது மூட, பம்பி ஓடும். பிடியை மீண்டும் கொளுவினால் குறிப்பு நின்று, றிலே விட்டு, பம்பி நிற்கவேண்டும். வேண்டும் என்றேன், நிற்காமலும் போகலாம். இக்காலத்துப் பெட்டிகளில் இலத்திரனியல் ஆளிகள் இருக்கின்றன. அவை மூடியிருக்கும்போதும் சிறிதளவு மின்னைக் கசியவிடும். எண்ணெய்க் கசிவைத் தேடப்போய் மின்கசிவில் மாட்டிக்கொண்ட கதை இது. பல பெட்டிகளின் கம்பிகளை ஒன்றாக முறுக்கி ஒரே றிலேயிற் கொடுத்துவிட்டால், அந்தச் சிறு கசிவுகள் கூடி, ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கும் றிலேயை விடாமலே வைத்திருக்கலாம். யாருமே எண்ணெய் எடுக்காத நடுநிசியிலும் பம்பி ஓடிக்கொண்டிருக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்தும் அதே முறுக்கலில் இருக்கிறது. ஒரு பெட்டி ஒரு கட்டத்து மின்னிலும் அடுத்த பெட்டி வேறொரு கட்டத்து மின்னிலும் இணைக்கப்பட்டிருந்தால், இரண்டின் குறிப்புக் கம்பிகளும் சந்திக்கும் இடத்தில் கட்டங்கள் மோதும். அமெரிக்க மின்முறையில் அது 240 வோல்ற்று. நமது நாட்டு மின்முறையிலோ இரு கட்டங்களுக்கிடையே 400 வோல்ற்று. மேலும், ஒரு பெட்டியின் மின்னை நிறுத்திவிட்டு அதைத் திறந்து வேலை செய்பவருக்கு, பக்கத்துப் பெட்டியின் பிடியை யாரோ தூக்கியதால், நின்றுவிட்டதென நம்பிய கம்பியிலே மின் பின்வழியாக வந்து சேரலாம். ஆகையால் ஒவ்வொரு பெட்டியின் குறிப்புக்கும் தனித்தனிப் பிரிப்பு றிலே வேண்டும். ஒன்றின் மின் மற்றொன்றைத் தொடவே கூடாது. வேலைக்கு முன், பெட்டிக்கு வரும் எல்லாச் சுற்றுகளையும் நிறுத்திப் பூட்டி, மானியால் அளந்து பார்த்த பிறகே கைவைக்க வேண்டும். ஆளியை அணைத்ததை நம்பாமல் அளந்ததை நம்புவது அவர்களுடைய தொழிலொழுக்கம்.

நிற்க. கணிப்பெட்டி கசிவைக் கண்டுவிட்டது என வைத்துக்கொள்வோம். அது பம்பியை எவ்வாறு நிறுத்தும்? இங்கேதான் என் அரிசி மூடைகள் திரும்ப வருகின்றன. ஒரு முறை, கசிவைக் கண்டதும் பெட்டி ஒரு மின்குறிப்பை அனுப்பி, “நில்” என்று சொல்வது. கம்பி அறுந்திருந்தால் அந்தச் சொல் போய்ச் சேராது. பெட்டிக்கே மின் இல்லாவிட்டால் சொல்லே பிறவாது. விடுதி மணியின் வழி இது. மற்றைய முறை, எல்லாம் நலமாக இருக்கும்வரையில் பெட்டி இடைவிடாது, “ஓடலாம், ஓடலாம்” என்று சொல்லிக்கொண்டே இருப்பது. றிலேச் சுருளுக்குப் போகும் மின், பெட்டியின் தொடுகை ஒன்றினூடாகவே செல்லும். அந்தத் தொடுகையைப் பெட்டி தன் சொந்த வலிமையால் மூடிப் பிடித்திருக்கும். கசிவைக் கண்டால் கையை விடும். பெட்டிக்கு மின் போனாலும் கை தானே விடும். கம்பியை எலி கடித்தாலும் அதே பலன். எது கெட்டாலும் பம்பி நிற்கும்.

இந்த எண்ணம் பெற்றோற் காலத்துக்கு முந்தியது. 1872 ஆம் ஆண்டு வில்லியம் றொபின்சன் என்ற அமெரிக்கர் புகையிரதப் பாதைக்கென ஒரு மின்சுற்றுக்குக் காப்புரிமை பெற்றார். தண்டவாளத்திலே எப்பொழுதும் சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். அதுவே “வழி உண்டு” என்ற சைகையைத் தாங்கிப் பிடித்திருக்கும். வண்டி வந்து நின்றாலும், தண்டவாளம் உடைந்தாலும், மின்கலம் செத்தாலும் சைகை அபாயத்துக்கு மாறிவிடும். அதற்கு முந்திய சுற்றுகளில் அறுந்த கம்பி, “வழி உண்டு” என்றே பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

கலிபோர்ணியா மாநிலத்தில் இக்கருவிகளை ஆண்டுதோறும் சோதித்துச் சான்றளிப்பவர் நிரப்பவேண்டிய படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. கண்காணிப்புக் கருவி கசிவைக் கண்டாலும், தானே வேலைசெய்யாது போனாலும், மின்தொடர்பு அறுந்தாலும் பம்பி தானாக நிற்கிறதா என்பது அதன் கருத்து. மூன்று நிலைமைகளையும் ஒரே மூச்சிற் கேட்ட அந்த எழுதுவினைஞரை நான் மெச்சுகிறேன். அரசாங்கப் படிவங்களை ஆயுள் முழுதும் நிரப்பியவன் என்ற முறையிற் சொல்கிறேன், இத்தகைய கேள்வி படிவங்களில் அரிதாகவே வரும்.

இனி, உணரிகளின் கம்பிகளைப் பற்றி. 1913 ஆம் ஆண்டு ஒக்டோபர் 14 ஆந் தேதி, வேல்ஸ் நாட்டின் செங்கெனித் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடி நேர்ந்து 439 தொழிலாளரும், மீட்கச் சென்ற ஒருவரும் மாண்டனர். எது பற்றவைத்தது என்று உறுதியாகத் தெரியவில்லை. எனினும், ஐயத்துக்கு உள்ளானவற்றுள் ஒன்று சைகை மணியின் மின்பொறி. வெறும் மின்கலங்களில் இயங்கும் மணி! அதன்பின் வீலர், தோண்டன் என்னும் அறிஞர்கள் ஆராய்ந்து, மின்கலத்தின் வலிமை மட்டுமன்றி மணியின் சுருளிலே தேங்கும் சக்தியும் பொறியைக் கொடியதாக்குகிறது என்று காட்டினர். எரிவாயுவைப் பற்றவைக்கப் போதாத அளவுக்குச் சுற்றின் சக்தியையே குறைத்துவிடலாம் என்ற கொள்கை அங்கிருந்து வளர்ந்தது.

பெற்றோல் ஆவியைப் பற்றவைக்க ஏறக்குறைய கால் மில்லியூல் சக்தி போதும். ஒரு வாற்று மின்விளக்கு ஒரு வினாடியிற் செலவிடுவதில் அது நாலாயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே தொட்டிக்குள்ளும் பெட்டியின் அடிக்குழிக்குள்ளும் இறங்கும் உணரிக் கம்பிகளில் அந்த அளவு சக்தி ஒருபோதும் பிறவாதபடி, அலுவலகப் பக்கத்திலேயே தடுப்பு அமைக்கப்படுகிறது. ஆயின் அந்தக் கம்பியைப் பம்பியின் மின்கம்பியோடு ஒரே குழலுக்குள் இட்டால் எல்லாம் வீண். தோல் உரிந்த ஓரிடத்தில் இரண்டும் தொட்டால், தடுப்பைச் சுற்றிக்கொண்டு பெருமின் குழிக்குள் இறங்கும். இடம் மிச்சம், குழல் மிச்சம் என்று இதைச் செய்பவர்கள் உண்டாம். கம்பி செல்லும் குழலுக்கும் அடைப்பு வேண்டும். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. தாழ்ந்த இடத்தைத் தேடி ஊரும். அடைக்கப்படாத குழல் அதற்கு அலுவலக அறைவரை போட்ட பாதை.

அவசர ஆளியைப் பற்றியும் ஒரு சொல். பெட்டிகளிலிருந்து 20 அடிக்குக் குறையாமலும் 100 அடிக்கு மேற்படாமலும் அது இருக்கவேண்டும் என்பது அங்கே வழங்கும் பொதுவிதி. நெருப்புக்கு அருகே ஓடித்தான் நெருப்பை நிறுத்தவேண்டும் என்ற நிலை வரலாகாது. அது உயிர்க்கம்பியை மட்டுமன்றி நொதுமற் கம்பியையும் சேர்த்தே துண்டிக்கவேண்டும். மின்னை மீண்டும் கொடுப்பதையோ ஒருவர் பார்த்துக் கையாற் செய்யவேண்டும்.

இவ்வளவும் ஒழுங்காக அமைந்த ஒரு நிலையத்தில் என் மாணவர் கண்டதைச் சொல்கிறேன். ஆண்டுச் சோதனைக்குப் போயிருக்கிறார். குழியிலுள்ள உணரியைத் தூக்கித் திரவத்தில் அமிழ்த்தினார். கணிப்பெட்டி கூவியது, சிவப்பு விளக்கும் எரிந்தது. பம்பி நிற்கவில்லை. றிலேப் பெட்டியைத் திறந்தால், நிறுத்தும் தொடுகையின் இரு முனைகளையும் சேர்த்து ஒரு சாண் நீளக் கம்பி முறுக்கியிருந்தது. விசாரித்தபோது, ஒரு விடுமுறைக் கூட்ட நாளிலே பொய் எச்சரிக்கை அடிக்கடி வந்து வியாபாரத்தைக் குழப்பியதாகவும், வந்த ஒருவர், “இன்றைக்கு மட்டும்” என்று அதைப் போட்டுவிட்டுப் போனதாகவும் தெரிந்தது. அது ஏழு மாதத்துக்கு முன். பதிவேட்டில் மாதந்தோறும் “நலம்” என்றே எழுதியிருந்தார்களாம். ஏன் பொய் எச்சரிக்கை வந்தது என்று தேடியபோது அது பொய்யன்று என்பதும் வெளிப்பட்டது. பெட்டியின் அடியிலே பொருத்து ஒன்று மெல்லக் கசிந்து, அடிக்குழியில் ஒரு வாளியளவு பெற்றோல் தேங்கியிருந்தது. குழியின் சுவர் தாங்கியதால் மண்ணுக்குப் போகவில்லை.

பொய் எச்சரிக்கைகளும் உண்மையிலே உண்டு என்பதை மறைக்கமாட்டேன். பெற்றோல் வெப்பத்தால் விரியும், குளிர்ந்தாற் சுருங்கும். ஆயிரம் லீற்றர் ஒரு பாகை குளிர்ந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் குறையும். வெயிலில் நின்ற வண்டித் தொட்டியிலிருந்து வந்த எண்ணெய் நிலத்தடிக் குழாயிற் குளிரும்போது அமுக்கம் இறங்கும். கருவிக்கு அது கசிவுபோலத் தோன்றலாம். ஆகவேதான் மணிக்கு 3 கலன் சோதனை பகலிலும் நடக்கும். மணிக்கு கலனின் பத்தில் இரண்டு பங்கு, பத்தில் ஒரு பங்கு என்னும் நுண்சோதனைகளுக்கு இரவின் அமைதி வேண்டும். அந்த அமைதியைத் தராத நிலையக்காரர் கருவியைக் குறைசொல்வதில் நியாயமில்லை. எச்சரிக்கை வந்தால் காரணத்தைத் தேடுவது ஒரு வேலை. கம்பியை முறுக்குவது வேறொரு வேலை. இரண்டாவதற்கு ஐந்து நிமிடம் போதும் என்பதே அதன் கவர்ச்சி.

கணிப்பெட்டி கூவுவதைக் கேட்டுவிட்டு, “சரி, வேலை செய்கிறது” என்று கையொப்பம் இடுபவர்கள் இருக்கிறார்கள் என்றும் அவர் வருந்தினார். பெற்றோல் உணரியின் தொடுகை தவறுதலாக டீசல் பம்பிக்குக் கொடுக்கப்பட்டிருப்பதைக்கூட அவர் கண்டிருக்கிறார். பெற்றோல் கசிந்தால் டீசல் நிற்கும்! றிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், சுருளில் மின் நின்ற பின்னும் பம்பி ஓடும். இவற்றையெல்லாம் அலுவலக அறையில் இருந்துகொண்டு அறிய முடியாது. ஒவ்வோர் உணரியாகத் தூக்கி, ஒவ்வொரு கம்பியாகக் கழற்றி, அந்தக் குறித்த பம்பி நின்றதா என்று பெட்டியடியில் நின்று பார்க்கவேண்டும். இது பயிற்சியும் உரிமமும் பெற்றவர்களின் வேலை. வானொலியிற் கேட்டுவிட்டு எவரும் பெட்டியைத் திறக்கப் போகவேண்டாம்.

அவர் அமெரிக்கா திரும்புமுன் ஒரு நாள் நமது இன்றைய பாடசாலைக்கு வந்து, தண்ணீர்த் தொட்டி மணியின் சுற்றை மாற்றி அமைத்துத் தந்தார். இப்போது மின்னோட்டமே மணியை அடக்கிப் பிடித்திருக்கிறது. தொட்டி நிரம்பினாலோ கம்பி அறுந்தாலோ அது விடுபட்டு அடிக்கும். சென்ற மாதம் பாட நேரத்திலே அது அலறத் தொடங்கிற்று. பியோன் ஓடிப்போய்ப் பார்த்தார். தொட்டி பாதிதான் நிரம்பியிருந்தது. அணிற்பிள்ளை ஒன்று கம்பியைக் கடித்திருந்தது. “இதென்ன சேர், சும்மா சும்மா அடிக்குது, கழற்றிவிடட்டோ?” என்று கேட்டார். கம்பியை மாற்றச் சொல்லிவிட்டு, மணிப் பெட்டியின் திறப்பை வாங்கி என் மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டேன்.